மூழ்கடிக்கச் சொன்ன கப்பல்

ஏதென்ஸுக்குச் சுற்றுலா செல்பவர்கள் பெரும்பாலும் அக்ரோபொலிஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அரைநாள் கூடுதலாகக் கிடைத்தால், கடற்கரையை ஒட்டிய பலையோ ஃபாலிரோவுக்கும் போய்வாருங்கள். 1910-இல் கடலில் இறக்கப்பட்ட ‘கியோர்கியோஸ் அவெரோஃப்’ என்ற கவசப் போர்க்கப்பல் அங்கே அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கிறது.

இத்தாலியக் கடற்படைக்காக லிவோர்னோ நகரில் கட்டத் தொடங்கிய கப்பல் இது. அவர்கள் வேண்டாம் என்றதும் கிரேக்கம் வாங்கிக்கொண்டது. அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்து 1899-இல் மறைந்த வணிகர் அவெரோஃப், கடற்படைக்கென உயிலில் எழுதிவைத்த பணம்தான் கைகொடுத்தது. விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. அதனால் கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1912 டிசம்பரில் முதல் பால்கன் போர். டார்டனெல்ஸ் நீரிணைக்கு வெளியே துருக்கியப் படையுடன் எல்லிப் போர் நடந்தது. உடன் வந்த மூன்று கிரேக்கக் கப்பல்களும் பழையவை, வேகம் குறைந்தவை. தளபதி குந்தூரியோத்திஸ் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. அவெரோஃபைத் தனியாக முன்னே விரட்டி எதிரியின் பாதையை மறித்தார். துருக்கியக் கப்பல்கள் திரும்பி ஓடின. அடுத்த மாதம் லெம்னோஸ் அருகிலும் அதே கதைதான். ஏஜியன் கடல் கிரேக்கர் கைக்கு வந்தது.

உண்மையான சோதனை 1941 ஏப்ரலில் வந்தது. ஜெர்மானியப் படை ஏதென்ஸை நெருங்கியது. முப்பது வயதுக் கப்பல் எதிரியிடம் சிக்கக்கூடாது, மூழ்கடித்துவிடுங்கள் என்று உத்தரவு. மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் 18-இல் கப்பலைக் கிளப்பினார்கள். அது நகரத் தொடங்கிய பிறகுதான் கேப்டன் கயிற்றேணியில் ஏறி வந்தார். விமானத் தாக்குதல் அச்சத்துக்கு நடுவே கிரீட் தீவு வழியாக அலெக்சாண்ட்ரியா போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்தது சரியா என்று கேட்கிறீர்களா? ஐந்தே நாளில், ஏப்ரல் 23 அன்று, கில்கிஸ், லெம்னோஸ் என்ற வேறு இரு கிரேக்கப் போர்க்கப்பல்களை ஜெர்மானிய விமானங்கள் சலாமிஸில் குண்டு வீசி மூழ்கடித்தன.

அதன்பின் அவெரோஃப் நம் பக்கமும் வந்தது. பம்பாயைத் தளமாகக் கொண்டு, இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல் அணிகளுக்குக் காவலாக ஓடியது. 1944 அக்டோபரில், நாடுகடந்து இருந்த கிரேக்க அரசைத் தாய்நாட்டுக்கு ஏற்றிச் சென்றதும் இதே கப்பல்தான்.

1952-இல் பணி ஓய்வு. பின்னர் போரோஸ் தீவில் பல ஆண்டுகள் கட்டிப்போட்டிருந்தார்கள். 1984-இல், சீரமைத்து அருங்காட்சியகமாக்கக் கடற்படை முடிவு செய்தது. அங்கே போனால் பீரங்கிகளோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவை மீறிய அந்த மாலுமிகளின் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.