திருக்கோவலூரிலிருந்து கேம்பிரிட்சு வரை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தில் கிளை பிரிகின்றது. ஒரு கிளை கடலூர், மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணத்தை அடையும். மற்றொரு கிளை திருக்கோவலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும். கணிதமேதை இராமானுசனின் வாழ்வு திசைமாறியது இக்கிளைப்பாதையில் உள்ள திருக்கோவலூரில்தான்.

திருக்கோவலூர் தமிழ்ப் புலவர்க்குப் புதிய ஊரன்று. வள்ளல் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர் அது. கபிலர் நினைவைத் தாங்கி நிற்கும் தென்பெண்ணைக் கரையும் அதுவே. புலவர் புரவலரை நாடிச் சென்ற அவ்வூருக்கு, 1910ஆம் ஆண்டில் வறிய இளைஞர் ஒருவர் குறிப்பேடுகளைச் சுமந்து சென்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தோற்றவர், 1909இல் மணம் முடித்தவர். அவர் வேண்டியது பெரும் பரிசில் அன்று. நகராட்சியிலோ வட்டாட்சி அலுவலகத்திலோ ஓர் எழுத்தர் பணி.

அங்குத் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் தோன்றிய இந்தியக் கணிதக் கழகத்தின் நிறுவனர் அவரே. குறிப்பேடுகளைப் புரட்டிய அவர், வருவாய்த்துறையின் கடைநிலைப் பணியைத் தந்து அந்த அறிவை முடக்க விரும்பவில்லை. பணிக்கு மாறாகச் சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்தார். கேட்டதைக் கொடுப்பது கொடை என்பது உலக வழக்கு. இங்கோ கேட்டதைக் கொடாமையே கொடையாயிற்று.

அதன்பின் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் பொருளுதவி செய்தார். 1911இல் கழகத்தின் இதழில் முதற் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் பணி வாய்த்தது. 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சுப் பேராசான் ஹார்டிக்கு எழுதிய கடிதம் கடல்வழியைத் திறந்தது. கடல் கடத்தல் ஆகாது என்று குடும்பம் தயங்கியது; நாமகிரித் தாயாரின் ஆணையைத் தாம் கனவில் பெற்றதாக அன்னை கூறித் தடை நீக்கினார் என்பர். குடுமி களைந்து, 1914 மார்ச்சு 17இல் 'நெவாசா' கப்பலில் புறப்பட்ட இராமானுசன், ஏப்பிரல் 14இல் இலண்டன் அடைந்தார்.

கேம்பிரிட்சு எட்டு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த கல்வி நகரம். அவர் சேர்ந்த திரினிட்டி கல்லூரி, எட்டாம் ஹென்றி மன்னரால் 1546இல் நிறுவப்பட்டது. நியூட்டன் பயின்றதும் பணியாற்றியதும் அங்கேதான். கேம் ஆற்றங்கரையில் கிறித்தபர் ரென் வடிவமைத்த நூலகம் அதன் அணிகலன். ஆயினும் அந்நகரின் எழிலைக் காண வந்தவர்க்குப் போர்க்கோலமே காட்சியாயிற்று. 1914 ஆகத்தில் உலகப்போர் மூண்டது. கல்லூரி முற்றம் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையாயிற்று. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார்.

மரக்கறி உணவு பூண்ட மாணவர் தம் அறையிலேயே சமைத்து உண்டார். பழகாத காலணிகள் வருத்தின. குளிர் தாங்காது நடுங்கியவரைக் காணச் சென்ற நண்பர் மகலனோபிசு, கட்டிலை நோக்கியபோது உண்மை விளங்கிற்று. விரித்துச் செருகப்பட்ட கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அறியாது, அவற்றின் மேலேயே படுத்திருந்தார் இராமானுசன். எண்களின் உள்ளறைகளை எல்லாம் திறந்தவர்க்கு, அயல்நாட்டுப் படுக்கை திறவாக் கதவாயிற்று!

தேர்வு முறையால் தமிழகத்தில் பெறவியலாத பட்டத்தை, ஆய்வின் வழியே 1916 மார்ச்சில் கேம்பிரிட்சு அளித்தது. உயர் பகு எண்களைப் பற்றியது அவ்வாய்வு. தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடையது அத்தகைய எண். 12க்கு ஆறும், 24க்கு எட்டும் வகுத்திகள் உண்டு. 1917இல் நோய் பற்றியது. 1918இல் இராயல் கழக உறுப்பினர் பெருமையும், திரினிட்டியின் ஆய்வாளர் பதவியும் மருத்துவமனைக் கட்டிலைத் தேடி வந்தன. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார்.

நோய்ப்படுக்கையில் அவர் எழுதிய இறுதித் தாள்கள் பின்னர்க் கடல் கடந்தன. பலர் கை மாறி, ரென் நூலகத்தில் பேசாது கிடந்த அவற்றை 1976இல் அமெரிக்க அறிஞர் சார்ச்சு ஆண்ட்ரூசு கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட அப்பக்கங்கள் இன்றும் ஆய்வாளர்க்கு வற்றாத ஊற்றாக விளங்குகின்றன. தமிழகத்தில் எழுதப்பட்டவை கேம்பிரிட்சில் உறைந்தன. ஆனால், அவற்றுக்கான வழி தொடங்கியது தென்பெண்ணைக் கரையில், ஓர் அலுவலரின் மேசையில்.

இலக்கிய வட்டங்கள் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இயங்குவதன் பொருள் இதுவே. முகவரியற்ற ஒருவரின் கையேட்டைப் பொறுமையோடு புரட்டிப் பார்ப்பவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கவிஞர்க்கும் அத்தகைய வாசகரே முதற் புரவலர்.