என்றும் திருப்தியில்லாதவள்

1899, ஏப்ரல் 29. பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற ஊர். டார்பிடோவுக்கு நான்கு சக்கரம் மாட்டிய மாதிரி ஒரு வண்டி பறக்கிறது. புகை இல்லை, எஞ்சின் உறுமல் இல்லை. ஏன் தெரியுமா? அது பேட்டரி கார்! ஒரு கிலோமீட்டரை 34 விநாடிகளில் கடந்தது. அதாவது, மணிக்கு 105.88 கி.மீ. சாலை வாகனம் ஒன்று நூறைத் தாண்டியது சரித்திரத்தில் அன்றுதான்.

ஓட்டியவர் காமீல் ஜெனாட்ஸி. பெல்ஜியத்துக்காரர், செந்தாடிக்காரர். எதிராளி ஷாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சுப் பிரபு. அவரிடமும் மின்சார கார்தான். 1898 டிசம்பரில் பிரபு 63 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து வைக்க, இவர் 66 போனார். அவர் 70. இவர் 80. அவர் 92! விடுவாரா ஜெனாட்ஸி? புதுசாக ஒரு காரைச் செய்து 'என்றும் திருப்தியில்லாதவள்' என்று பிரெஞ்சில் பெயரும் வைத்தார்.

மோட்டாருக்குக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து, வண்டிக்குக் கீழே பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. காரணம், ஈய பேட்டரிகள். அந்த பாரத்தைத் தாங்கியவை பட்டை ஸ்பிரிங்குகளும் மிஷ்லின் டயர்களும்தான். காற்றடித்த டயரை நம்பி மிஷ்லின் சகோதரர்கள் கார் பந்தயத்தில் இறங்கி அப்போது நாலே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த 1895 பந்தயத்தில் வழியெல்லாம் பஞ்சர்! ஜெனாட்ஸி காற்று டயரை நம்பியதில் ஆச்சரியமில்லை. அவருடைய அப்பாவே ரப்பர் சாமான்கள் தயாரித்தவர்.

அடுத்த வருஷம், 1900. பாரிஸ் கண்காட்சியில் 24 வயது இளைஞர் ஒருவரின் மின்சார கார் எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தது. அவர் பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. செயின் இல்லை, கியர் இல்லை. மோட்டாரை முன்சக்கரங்களுக்குள்ளேயே பொதித்துவிட்டார்! பிறகு இங்கிலாந்துக்காரர் ஒருவருக்காக நான்கு சக்கரத்திலும் மோட்டார் வைத்தார். பேட்டரி மட்டும் 1,800 கிலோ!

பிரமாதமான யோசனைதான். ஆனால் ஒரு சிக்கல். ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள எடையை ஸ்பிரிங் தாலாட்டும். கீழே, சக்கரத்தில் உள்ள எடை நேரடியாகப் பள்ளத்தில் மோதும். மேட்டில் ஏறி எகிறிய கனமான சக்கரம் சட்டென்று தரைக்குத் திரும்பாது. அந்தரத்தில் இருக்கும் அந்தக் கண நேரம், அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பிரயோஜனமில்லை.

2019-ல் போர்ஷே கம்பெனி 'டைகான்' என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. எடை இரண்டு டன்னுக்கு மேல். மோட்டார் எங்கே? சக்கரத்துக்குள் இல்லை, பாடிக்குள், ஸ்பிரிங்குக்கு மேலே! நிறுவனர் அன்று சக்கரத்துக்குள் வைத்ததை, அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி வெளியே எடுத்துவிட்டது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? மின்சார கார் வாங்கிய கையோடு, பெரிய அலாய் வீல் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். டயரின் மொத்த உயரத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்கினால், ரப்பரின் பக்கச்சுவர் சின்னதாகும். காற்று மெத்தை குறையும். பள்ளத்தின் அடி ரிம்முக்கு. கனமான வீல் என்றால் ஸ்பிரிங்குக்குக் கீழே எடையும் ஏறும். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஒரு எண் இருக்கும், பாருங்கள். 100 என்றால், அந்த ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறைவான டயரை, எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், தொடாதீர்கள். பேட்டரி கார் கனமானது.

வேகம் கொடுக்க மோட்டார் 1899-லேயே தயார். அந்த வேகத்தில் வண்டியைத் தரையோடு பிடித்துவைப்பது, இன்றைக்கும் உள்ளங்கை அகல ரப்பர்தான்!