கம்ப்யூட்டர் என்றொரு பதவி

1849இல் இராதாநாத் சிக்தார் கல்கத்தாவில் ஏற்ற பதவியின் பெயர் ‘சீஃப் கம்ப்யூட்டர்’. இன்றைய பொருளை மட்டும் நம்பி இதைத் தமிழாக்கினால் ‘தலைமைக் கணினி’ என்றாகும். ஒரு மனிதர் பொறியாகிவிடுவார். நகைப்புக்குரியதுதான். ஆயினும் அக்கால ஆவணங்களைப் படிக்கப் புகும் மாணவர் இச்சொல்லருகே சற்று நிற்பது நல்லது.

சேர்த்து எண்ணுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்த இச்சொல் 1613இலேயே ஆங்கில நூலொன்றில் காணப்படுகிறது. அங்கு அது கணக்கிடும் மனிதரைக் குறித்தது. ‘டீச்சர்’, ‘ரைட்டர்’ போல, ஈறே வினை செய்பவரைச் சுட்டிவிடுகிறது.

இந்துக் கல்லூரி மாணவரான சிக்தார் 1831இல் பெரும் முக்கோண அளவைத் துறையில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். களத்தில் இருந்தோர் தியோடலைட் கொண்டு கோணங்களை அளந்து அனுப்புவர். அவற்றை மடக்கை அட்டவணைகளின் துணையுடன் தொலைவாகவும் உயரமாகவும் மாற்றுவது கம்ப்யூட்டர்களின் பணி. இதை வெறும் கூட்டல் கழித்தல் என்று எண்ணிவிடலாகாது. நூறு மைலுக்கு அப்பாலிருந்து நோக்கிய சிகரத்தின் ஒளி காற்றில் வளைந்தே கண்ணை அடைகிறது. அவ்வளைவுக்கு எவ்வளவு கழிப்பது என்ற கேள்வியில்தான் உயரமே அடங்கியிருந்தது. பதினைந்தாம் சிகரத்தின் உயரம் 29,002 அடி என ஆண்ட்ரூ வா 1856இல் அறிவித்தார். தமக்கு முன் அப்பதவி வகித்த எவரெஸ்டின் பெயரையும் அதற்கு முன்மொழிந்தார்.

‘எவரெஸ்டைக் கண்டுபிடித்தவர் சிக்தார்’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலர் நோக்கிய கோணங்கள், பலர் போட்ட கணக்குகள் அவை. ஆனால் வேறொரு செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. துறை வெளியிட்ட நில அளவைக் கையேட்டின் கணிதப் பகுதிகளில் சிக்தாரின் பங்கை 1851ஆம் ஆண்டு முதற்பதிப்பின் முன்னுரை பாராட்டியிருந்தது. அவர் 1870இல் மறைந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அப்பாராட்டு இல்லை. கணக்குகள் மட்டும் அப்படியே இருந்தன. மறு ஆண்டே ‘ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா’ இதழில் இதற்குக் கண்டனம் எழுந்தது.

பொறி பின்னரே வந்தது. 1950களின் நடுவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஓர் எண்மக் கணிப்பொறியைத் தருவித்தது, அதுவும் கல்கத்தாவில்தான். பொறி சொல்லை எடுத்துக்கொண்டது. மனிதர் ஓர் எழுத்தளவு விலகினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகங்களில் ‘கம்ப்யூட்டர்’ என்ற பணியிடம் நெடுநாள் நீடித்தது. ஆங்கில எழுத்தில் மட்டும், ஈற்றயலில் ‘இ’க்கு மாறாக ‘ஓ’.

தமிழில் இக்குழப்பம் நேரவில்லை. கணியன், கணி என்பன ஆள். கணிப்பொறி, கணினி என்பன பொருள். சிக்தாரின் பதவிக்குப் ‘பெருங்கணி’ என்ற பழஞ்சொல்லை ஆளலாமா என்றுகூட எண்ணிப் பார்த்தேன். ஆனால் அது அரசவைச் சோதிடரைக் குறிப்பது. நியூட்டனின் நூலைக் கற்றவருக்கு அது பொருந்தாது. இப்போதைக்கு என் வரைவில் ‘தலைமைக் கணக்கீட்டாளர்’ என்றே எழுதியிருக்கிறேன்.