வாடி: போவதற்காகப் போடப்படும் குடியிருப்பு

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கும்புறுப்பிட்டியையும் கடந்தால் குச்சவெளி வரும். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் களப்பும் வயலும் குளங்களும். இடையே ஒடுங்கிய மணல் நிலம். கூடாரமடித்து இரண்டு நாள் தங்கிப் போக விரும்பும் உல்லாசப் பயணிகள் இன்று இக்கரையைத் தேடி வருகிறார்கள். எங்கே தங்குவது என்ற அவர்களுடைய கேள்வி இம்மண்ணுக்குப் புதிதன்று. அதற்கான விடையை இக்கரை பல தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறது.

தங்குமிடம் தேர்வதைத் தமிழர் ஒரு கலையாகவே கருதினர். தொல்காப்பியம் வாகைத் திணையில் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என இருவகைப் பாசறைகளைக் குறிப்பிடுகிறது. பருவத்துக்கேற்பப் பாசறை மாறும் என்பது அதன் உட்பொருள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வரும் பாசறையோ காட்டாற்றை ஒட்டிய நிலத்தில், புதர்களை அகற்றி, முள்வேலியிட்டு அமைக்கப்பட்டது. நீர், வெளி, காவல் ஆகிய மூன்றும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டுள்ளன.

குச்சவெளிக் கரையில் இந்தக் கலையைக் கையாண்டவர்கள் மன்னர்கள் அல்லர், மீனவர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்று வீசும்போது இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியுறும். மாரியில் வாடைக் காற்று எழும்போது நிலைமை தலைகீழாகும். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர்கள் வலைகளோடும், சிலவேளை மனைவி மக்களோடும் கிழக்குக் கரைக்கு வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வது நெடுநாளைய வழக்கம். அவர்கள் கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து அமைக்கும் தற்காலிகக் குடியிருப்பே வாடி. சிங்களத்திலும் அதன் பெயர் 'வாடிய' என்பதே. இரு மொழியினரும் ஒரே கரையில் உழைத்ததற்கு இச்சொல்லே சான்று.

வாடி போடும் இடத்தை எவ்வாறு தேர்ந்தனர்? முதலில் கடலடியைப் பார்த்தனர். கரைவலை இழுக்கப் பாறையற்ற மணற்றரை வேண்டும். குச்சவெளியில் கடலோரப் பாறைகள் தலைகாட்டும் இடங்களும் உண்டு. அங்கே வலை கிழிந்துவிடும். அடுத்தது குடிநீர். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமற்ற மணற்கிணறு நல்ல நீர் தரும். பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் உவர்நீர் ஏறிவிடும். மூன்றாவது, களப்பின் முகத்துவாரத்திலிருந்து விலகி நிற்றல். கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும் வாய், பெருமழையில் உடைத்துக்கொண்டு பாயும். நான்காவது, காற்றுக்கு முதுகு காட்டும் திட்டும் சிறிது நிழலும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: சம்மதம். கரைவலை இழுக்கும் ஒவ்வொரு கரைத்துண்டும் 'பாடு' எனப்படும். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, முறையும் உண்டு. வெறுங்கரை என்று வெளியார் எண்ணும் மணலில், எவருடைய பாடு எங்கே முடிகிறது என்பது ஊராருக்குத் தெரியும்.

இச்சம்மதத்தின் பெறுமதியை அறிய றொபேட் நொக்ஸின் கதை போதும். புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. இடம் சிறந்த தேர்வுதான். அமைதியான துறை, மரம், நீர் எல்லாம் இருந்தன. ஆனால் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு ஓலையோ காணிக்கையோ அனுப்பப்படவில்லை. 1660இல் கப்பல் தலைவரான தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே மாண்டார். மகன் 1679இல்தான் தப்பினார். 1681இல் அவருடைய நூல் லண்டனில் வெளியாயிற்று.

தரைவழிப் பயணிகளுக்கும் இதே கணக்கே. கூடார வண்டிலில் குடும்பத்தோடு சென்றவர்கள் மாட்டை அவிழ்த்துவிடக் குளக்கரையையும் மரநிழலையும் தேடினர். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக ஒரு மாதத்துக்கும் மேலாக நடக்கின்றனர். கோயில் வீதியும் கிணற்றடியுமே அவர்களுடைய தங்கலிடங்கள். அங்கே ஊரவர் தரும் சோறும் தண்ணீரும் சம்மதத்தின் வேறொரு வடிவம்.

இந்த ஒழுங்கு குலைந்த வரலாற்றையும் சொல்லத்தான் வேண்டும். வாடியின் இலக்கணம் பருவம் முடிந்ததும் பிரிந்துபோவது. அரசியல் அதனை நிரந்தரக் குடியேற்றமாக நோக்கத் தொடங்கியபோது, வாடியே எல்லைக்கல் ஆயிற்று. குச்சவெளிக்கு வடக்கே, கொக்கிளாயிலும் நாயாற்றிலும் 1984 டிசெம்பர் முதலாம் திகதி வாடிகளில் இருந்த சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழ் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பின்னரே அவர்களால் மீள முடிந்தது. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் படகுகளும் வாடிகளும் எரிந்தன. இருதரப்பிலும் இழந்தவர்கள் வலையை நம்பி வாழ்ந்தவர்களே.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் அழித்தது. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கூடாரம் என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அச்சத்தில் பிறந்த விதி என்பதால் அதை முற்றாகக் குறைகூற இயலாது. ஆயினும் தூரத்தை அளந்த நாடா உயரத்தை அளக்கவில்லை. முகத்துவாரத்தருகே தாழ்ந்து கிடக்கும் 300 மீற்றரைவிட, மணற்றிட்டின் பின்னால் உயர்ந்து நிற்கும் 150 மீற்றர் பாதுகாப்பானதாக இருக்கக்கூடும். வாடி போட்டவனுக்குத் தெரிந்த இந்த உண்மை வரைபடத்தில் இடம்பெறவில்லை. படகை விட்டுத் தூரத்தில் குடியேறும் மீனவன் இரவில் கடலின் குணத்தை எப்படி அறிவான் என்ற கேள்விக்கும் அதில் விடை இல்லை.

இன்று இக்கரை மீண்டும் பலர் கண்ணில் பட்டிருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் வருவது நல்லதே; ஊருக்கு நாலு காசு வரும். அவர்கள் இங்கே கூடாரமடிக்க எண்ணினால், காட்சியழகை மட்டும் பார்த்து இடம் தேட வேண்டாம். காற்று எந்தப் பக்கம், மாரியில் வெள்ளம் எங்கே வரும், வலை இழுக்கும் பாதை எது என்று முதலில் கரையில் நிற்கும் மீனவரைக் கேட்கட்டும். குப்பையையும் கூடாரத்தோடு எடுத்துச் செல்லட்டும். விடுதிகளுக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் இதே வேண்டுகோள்தான். வேலியடைக்கும் முன், அந்த மணல் எவருடைய பாடு என்று ஒருமுறை கேளுங்கள். எழுதிய உறுதி எவரிடமும் இல்லாதிருக்கலாம். ஆனால் அந்த மணலில் நல்ல தண்ணீர் எங்கே ஊறும் என்பதை அவர்களால் காட்ட முடியும்.