அம்மையநாயக்கனூரில் சாய்ந்த மதுரை அரசு

மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் வாரிசில்லாமல் கண்மூடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அரசி மீனாட்சி, உறவினர் பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைச் சுவீகாரம் எடுத்து, திருச்சிராப்பள்ளியில் இருந்து ஆட்சி நடத்தினார். மகனுக்குப் பட்டம், தகப்பனுக்கு ஒன்றுமில்லை. பங்காருவுக்கு அது பொறுக்கவில்லை. அரசியை எதிர்த்து ஆள் திரட்டினார். அரண்மனைச் சண்டை நாட்டுச் சண்டையானது.

1734-ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையோடு தெற்கே வந்தார்கள். பங்காரு சப்தர் அலியிடம் போனார். 30 லட்சம் ரூபாய் தருவதாகப் பேச்சு. மீனாட்சி சந்தா சாகிபை நாடினார். அவர் தருவதாகச் சொன்னது ஒரு கோடி! இரண்டு தரப்பும் விலை பேசியதில், நாடே விலைக்கு வந்துவிட்டதை வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

1736-ல் சந்தா சாகிப் மறுபடி திருச்சிக்கு வந்தபோது மீனாட்சியும் பங்காருவும் சமாதானமாகியிருந்தார்கள். பங்காரு மதுரைச் சீமையை ஆண்டுகொண்டிருந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. கோட்டைக்குள் கால் வைத்த சந்தா சாகிப், அரசியின் பெயரைச் சொல்லியே பங்காருவின்மேல் படை அனுப்பினார்.

அந்தப் படை முதலில் திண்டுக்கல்லைப் பிடித்தது. மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்கும் அந்தக் கோட்டைதான் மதுரைக்கு வடக்கு வாசல். அங்கிருந்து தெற்கே இறங்கினால் கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். நடுவில் கிடக்கும் சமவெளியில் அம்மையநாயக்கனூர். இன்று கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் இருக்கும் ஊர். மதுரைக்குப் போகிற படை இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். பங்காரு பாளையக்காரர்களைத் திரட்டிக்கொண்டு இங்கேதான் மறித்தார். பாளையத்து வீரர்கள் உயிரைக் கொடுத்துப் போரிட்டும் களம் கைநழுவியது. பங்காரு சிவகங்கைச் சீமைக்குத் தப்பினார்.

கி.மு. 48-ல் பார்சாலஸ் களத்தில் சீசரும் பாம்பேயும் மோதியபோது இருபுறமும் முன்னின்றவை ரோமானிய லீஜியன்கள். யார் வென்றாலும் ரோம் ரோமானியர் கையில்தான் இருக்கும் என்ற நிலை. அம்மையநாயக்கனூரில் அந்த ஆறுதல்கூட இல்லை. பங்காரு தோற்றார், ஆனால் மீனாட்சி வெல்லவில்லை. துணைக்கு அழைத்த சந்தா சாகிபே அவரைச் சிறைவைக்க, நஞ்சுண்டு உயிரை விட்டார் அந்த அரசி. விஸ்வநாத நாயக்கர் தொடங்கிய 200 ஆண்டு அரசு அத்தோடு முடிந்தது.

அந்நியர் பலத்தால் மட்டும் இந்த அரசு விழவில்லை. பங்காளிகள் இருவரும் இரண்டு ஆண்டு முன்பே கைகோத்திருந்தால், திண்டுக்கல் பாறையைத் தாண்டி ஒரு குதிரையும் மதுரைக்குள் நுழைந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

சந்தா சாகிபின் வெற்றியும் நிலைக்கவில்லை. 1741 மார்ச்சில் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சிறைப்படுத்தினர். பின்னர் திண்டுக்கல் மைசூரின் வசமானது. 1755-ல் பௌஜ்தாராக, அதாவது படை ஆளுநராக, அங்கே வந்து சேர்ந்த ஹைதர் அலி என்ற படைத்தலைவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)