மஸ்னவிக்கு உரை கண்ட பஹ்ருல் உலூம்

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குத் தொழச் செல்வோர் பலர், அவ்வளாகத்தில் அடங்கியிருக்கும் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களை அறியாமலே திரும்புகின்றனர். லக்னோ ஃபிரங்கி மஹல் குடும்பத்தில் பிறந்த இப்பேரறிஞர், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பினால் சென்னை வந்து, 1810-இல் இங்கேயே வஃபாத்தானார்கள். (நமது செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் கும்பினியாருக்கு ஜாகீராக ஈந்தவரும் இதே நவாபுதான்.) மதரஸாக்களில் ஓதப்படும் 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டம் அன்னாரின் தந்தை முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) வகுத்தது.

மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவி, ஆறு பாகங்களில் ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்ட பாரசீகக் காவியம். அதற்குப் பாரசீகத்திலேயே விரிவுரை எழுதினார்கள் பஹ்ருல் உலூம்.

மஸ்னவியின் முதற்கதையில், அரசனின் அடிமைப்பெண் ஸமர்கந்து பொற்கொல்லன் ஒருவன் மீதுள்ள காதலால் நோயுறுகிறாள். மருத்துவராய் வந்த இறைநேசர் அவனை வரவழைத்து மணமுடித்து, அவள் நலமடைந்தபின் அவனுக்கு மெல்லக் கொல்லும் மருந்தைக் கொடுக்கிறார். இது கொலையன்றோ? ரூமி உடனே, கஹ்ஃபு சூராவில் கிள்ரு (அலை) அவர்கள் சிறுவனைக் கொன்ற நிகழ்ச்சியை நினைவூட்டுகிறார்கள். உரையாசிரியர்கள் அரசனை ரூஹாகவும், பெண்ணை நஃப்ஸாகவும், பொற்கொல்லனை உலகக் கவர்ச்சியாகவும் கொள்வர்.

எனில், 'கிள்ரின் ஞானம் எனக்குமுண்டு' என்று எவனும் ஷரீஅத்தை மீறத் துணியலாமே! அவ்வச்சம் நியாயமானதே. மூஸா (அலை) அவர்கள் தடுத்துக் கேட்டதும் ஷரீஅத்தின் பொருட்டே. ஆனால் இப்னு அரபியின் கருத்துகளைக் கொண்டு மஸ்னவியை விளக்கிய பஹ்ருல் உலூம் அவர்கள் சட்டத்தை அலட்சியம் செய்தவரல்லர். உஸூலுல் ஃபிக்ஹு கலையில் 'ஃபவாதிஹுர் ரஹமூத்' என்னும் நுட்பமான விரிவுரையை எழுதியதும் அதே கரமே.