ஏரி நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும்?

ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை என்று நம்ம எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்ம ஊர் ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் எந்த வழியாக, எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டால் எத்தனை பேர் உடனே பதில் சொல்லுவோம்? சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தக் கேள்வியை மறந்துபோனதால் என்ன நடந்தது என்று இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அவையும் ஒரு காலத்தில் நம்ம ஊர் மாதிரி ஏரிப் பாசன ஊர்கள்தான்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். மேற்கே கொஞ்சம் மேடு, கிழக்கே கடல். நடுவில் சரிவு மிகக் குறைவு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே கூவம் ஆறு ஓடுகிறது. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரி நீர் குன்றத்தூர் பக்கமாகப் போய் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். அம்பத்தூருக்கு வடக்கே புழல் ஏரி. இவற்றுக்கு நடுவே சின்னதும் பெரியதுமாக எத்தனையோ ஏரி, தாங்கல், குளம்.

இந்தப் பக்கத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்யும். அதிலும் சில நாளிலே கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் பெரியவர்கள் ஏரிகளைச் சங்கிலி மாதிரி கோத்து வைத்தார்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிறைந்தால் மாதவரம் ரெட்டேரிக்கு. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தடுப்பதும் ஏரிதான், கோடையில் பயிரைக் காப்பதும் அதே ஏரிதான். கரையைப் பார்ப்பது, வாய்க்காலைத் தூர்வாருவது எல்லாம் ஊர்ப் பொறுப்பு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ல் வெள்ளைக்காரன் ஆட்சியில் இதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது.

பிறகு காலம் மாறியது. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆயக்கட்டு நிலம் வீட்டுமனை ஆனதும் ஏரியைக் கேட்க ஆள் இல்லாமல் போச்சு. பாசனம் இல்லாத ஏரிக்கு மடை எதற்கு, வாய்க்கால் எதற்கு என்று ஆகிவிட்டது.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். வரப்புக் கட்டிய ஒரு ஏக்கர் வயலில் அரை அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 6 லட்சம் லிட்டர். வயல் அந்தத் தண்ணீரை ஒன்றிரண்டு நாள் தாங்கிக்கொள்ளும். வீடு தாங்குமா? அதே தண்ணீர் கூடத்துக்குள்ளே வந்து நிற்கும்.

வெள்ளம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை. 1943-ல் கூவம் கரை புரண்டது. 1976, 1985, 2005 என்று பெருமழைகள் வந்தன. ஆனால் 2015 எல்லோரையும் உலுக்கிவிட்டது. அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மண் ஊறி, ஏரிகள் ததும்பி நின்ற நேரத்தில் டிசம்பர் 1-ம் தேதி மறுபடி பெருமழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். லிட்டரில் சொன்னால், ஒவ்வொரு விநாடிக்கும் 8 லட்சம் லிட்டருக்கு மேல். அடையாற்றங்கரை முழுவதும் மூழ்கியது. மழை மட்டும் காரணம் இல்லை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்லியது.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2018-ல் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். வில்லிவாக்கம் எங்கே இருக்கிறது? கொரட்டூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஒரு ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். 2015-ல் மூன்று விநாடியில் வெளியே போன தண்ணீர் அவ்வளவுதான்! நாலு ஏக்கர் வயலில் அரை அடி நிற்கிற தண்ணீர் அவ்வளவுதான்!

மறுபடியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அது கரை கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நாசமாயின. புயல் நம்ம ஊரில் கரை கடக்கவில்லை, நமக்குப் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே, வெள்ளமும் வறட்சியும் இரண்டு வேறு வியாதி இல்லை. தண்ணீர் தங்க இடமும் போக வழியும் இல்லாமல் போனதுதான் இரண்டுக்கும் வேர்.

தப்பு முழுவதும் பட்டணத்துக்காரர் மேல் என்று நாமும் சொல்லித் தப்பிக்க முடியாது. வரப்பை வெட்டி வெட்டி வாய்க்காலைக் குறுக்குவது யார்? கூடுதல் தண்ணீர் பிடிக்கலாம் என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது யார்? கலங்கலை அடைத்தால் கரை உடையும். கரை உடைந்தால் வெள்ளத்தில் போவது கீழே இருக்கிற பயிர். கோடையில் காய்வது நம்ம பயிர்.

அதனால் புரட்டாசி முடிவதற்குள் ஊரில் நாலு பேராகச் சேர்ந்து ஏரியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். வரத்துக்கால் எங்கே, மடை சரியாக இருக்கிறதா, கலங்கல் திறந்திருக்கிறதா, உபரி வாய்க்கால் அடுத்த ஏரிவரை போகிறதா என்று கவனியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். குறுகியிருந்தால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2017-ல் குடிமராமத்துத் திட்டத்துக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

மனை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். கோடையில் போய் இடம் பார்க்காதே, கார்த்திகை மழையில் போய்ப் பார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.